உங்களுக்குத் தெரியுமா? கணக்கு ஏட்டோடு ஒரு மன ஏடு

புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். 1736-இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1761-இல் இறக்கும் காலம்வரை, இடைவெளிகள் விழுந்தாலும், கைவிடவில்லை. கப்பல் வரத்து, துணி வியாபாரம், திருச்சிப் போர்ச் சேதி எல்லாம் அதில் உண்டு. கூடவே தன் மனக்குறையையும் எதிரிகள்மீதுள்ள கோபத்தையும் எழுதினார். எனக்கு அந்தப் பக்கங்கள்தான் பெரிது. ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டுமே 12 தொகுதிகள்!

இப்படி மனத்தில் உள்ளதை எழுதுவதால் பலன் உண்டா? 1986-இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் 4 நாட்கள், தினம் 15 நிமிடம், தங்களை உலுக்கிய நிகழ்வை எழுதினார்கள். எழுதியவுடன் சோர்வு கூடத்தான் செய்தது. ஆனால் நடந்ததையும் அதன் வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. பிந்தைய ஆய்வுகள் பலவற்றில் பலன் சிறிதே. ஆளுக்கு ஆள் மாறவும் செய்கிறது.

பிள்ளையின் ஏட்டைப் போலவே, அரிசி ஆலைகளின் ஊரான மண்ணச்சநல்லூரில் நெல் வரவும் அரிசிப் பற்றும் அன்றன்றே ஏட்டில் ஏறும். நீங்களும் கணக்கை முடித்ததும், வேறொரு நோட்டில் அன்று மனத்தில் தைத்ததை நாலு வரி எழுதுங்கள். பிழை பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்டவும் வேண்டாம். கலக்கம் தாளாவிட்டால் நோட்டை மூடிவிடுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.