நரியா, நாயா? இரவு ஸ்கோப் வாங்கும் முன் தெரிய வேண்டியவை

இங்கிலாந்தில் ஆடுகள் குட்டி போடும் வசந்த காலத்தில், பண்ணைக்காரர்களுக்குத் தூக்கம் இருக்காது. இரவில் செந்நரி வந்து குட்டியைத் தூக்கிவிடும். நரியைச் சுட அங்கே சட்டத்தில் இடமுண்டு. ஆனால், வளை தோண்டி வாழும் பேட்ஜருக்கு 1992-ம் ஆண்டு சட்டம் பாதுகாப்புத் தருகிறது. மானை அனுமதியின்றி இரவில் சுடுவதும் குற்றம். ஆக, இருட்டில் நிற்பது எது என்று தெரிவதுதான் முக்கியம்.

தெர்மல் ஸ்கோப்

உடல் வெப்பத்தைப் படமாக்கும். வெளிச்சமே தேவையில்லை. புதரில் பாதி மறைந்திருக்கும் விலங்கையும் காட்டிக்கொடுக்கும். ஆனால், தூரத்தில் எல்லாமே வெள்ளைத் திட்டுதான். அது நரியா, பக்கத்துப் பண்ணை நாயா? சொல்வது கஷ்டம். டிஜிட்டல் ஸூமும் கைகொடுக்காது, திட்டுதான் பெரிதாகும். சென்சார் 384x288-ஐவிட 640x480 என்றால் விவரம் கூடும், விலையும் கூடும்.

டிஜிட்டல் நைட் விஷன்

இன்ஃப்ராரெட் டார்ச் அடித்துப் பார்க்கும். காது, வால், முகம் எல்லாம் தெரியும். 850 நானோமீட்டர் டார்ச் தூரம் எட்டும். ஆனால், அதன் முகப்பு லேசாகச் சிவந்து தெரியும். 940 கண்ணுக்குத் தெரியாது; தூரம் குறைவு. மூடுபனியில் இரண்டுமே திணறும்.

சரி, எதை வாங்குவது?

தேடுவதற்குக் கையடக்க தெர்மல், துப்பாக்கியில் நைட் விஷன். இந்த ஜோடிதான் பாதுகாப்பானது. துப்பாக்கி ஸ்கோப்பிலேயே தேடினால், பார்க்கும் ஒவ்வொன்றின் மீதும் குழல் நீளும். அது ஒரு மனிதராகவும் இருக்கலாம்.