பீரோவில் இருந்த வெப்ளி

சென்ற மாம்பழ சீசனில் நம் சங்கத்து அன்பர் ஒருவர் திருப்பதியில் என் வீட்டுக்கு வந்தார். சித்தூருக்கும் பலமநேருக்கும் இடையே அவருக்குத் தோட்டம் இருக்கிறது. யானைகள் இறங்கும் பகுதி. ஆறு மாதம் கலெக்டர் ஆபீசுக்கு நடந்து ரிவால்வர் லைசென்ஸ் வாங்கியிருந்தார். யானைக்கு ரிவால்வர் எதற்கு என்று நானும் கேட்டேன். "யானைக்கு இல்லை சார், கூலிப் பணம் எடுத்துக்கொண்டு தனியாகப் போகிறேனே, அதற்கு" என்றார்.

வந்த விஷயம் இதுதான். சித்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் பழைய இங்கிலீஷ் வெப்ளி ரிவால்வர் ஒன்று விலைக்கு இருக்கிறதாம். நாற்பதாயிரம் கேட்கிறார்களாம். "நீங்கள் இன்ஜினியர், ஒருமுறை வந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். நான் தண்டவாளம் பார்த்தவன், துப்பாக்கி பார்த்தவனில்லை. இருந்தாலும் இரும்பு இரும்புதானே என்று கிளம்பிவிட்டேன். வெர்னியர் காலிப்பரையும் ஃபீலர் கேஜையும் பையில் போட்டுக்கொண்டேன்.

நாற்பதாயிரம் மலிவா என்று வாசகர்கள் கேட்கலாம். 1980களின் நடுவில் தனியார் உபயோகத்துக்கு வெளிநாட்டுத் துப்பாக்கிகள் இறக்குமதியாவது ஏறக்குறைய நின்றுபோனது. அதனால் அதற்கு முன் வந்த வெப்ளி, ஸ்மித் அண்ட் வெஸன் எல்லாம் இங்கே லட்சக்கணக்கில் பேசப்படுகின்றன. நம் நாட்டுச் சரக்கு என்றால் கான்பூர் அரசுத் தொழிற்சாலை .32 ரிவால்வர். அதுவும் வெப்ளியின் வடிவத்தைப் பார்த்துச் செய்ததே. 2014ல் பெண்களுக்கென்று அதே கான்பூரில் வெளியிட்ட 'நிர்பீக்' அப்போது சுமார் ரூ.1.22 லட்சமாக இருந்தது. ஆக, நாற்பதாயிரத்துக்கு அசல் பர்மிங்ஹாம் வெப்ளி என்றால் அன்பருக்குத் தூக்கம் வராததில் வியப்பில்லை.

வெப்ளி பிரிட்டிஷ் ராணுவத்துக்குள் நுழைந்தது 1887ல். ராணுவத்துக்குப் போனது .455 என்ற பெரிய வகை. பிறகு .38 வந்தது. இந்த ராணுவ அளவுகள் நம் சட்டத்தில் தடை செய்யப்பட்டவை; சாதாரண லைசென்ஸில் வைத்துக்கொள்ள முடியாது. நமக்கு அனுமதி உள்ளது .32. பழையது வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பளபளப்பை அல்ல, இந்த அளவை. (ரிவால்வர் வேறு, பிஸ்டல் வேறு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஜங்ஷனில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். ரயில்வேக்காரன் என்பதால் அந்த ஸ்டேஷனைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வரும்.)

பெரிய பழைய வீடு. எண்பது வயதை ஒட்டிய அம்மாள் ஒருவர் மட்டும் இருந்தார். மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். பீரோவைத் திறந்து, பட்டுப் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு தோல் உறையை அந்த அம்மாளே எடுத்து வந்தார். "அவரு எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் இத ஸ்டேஷன்ல குடுத்துட்டு, முடிஞ்சதும் போய் வாங்கிட்டு வருவாரு தம்பி" என்றார்.

முதலில் குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். வெப்ளி நடுவில் மடியும். கட்டைவிரலால் கொக்கியைத் தள்ளிக் குழலைக் கீழே அழுத்தினால், உருளையிலுள்ள ஆறு அறைகளும் பின்பக்கமாகத் திறந்து, காலி ரவைகள் தாமாக வெளியே தள்ளப்படும். அழகான ஏற்பாடு. ஆனால் முழு அதிர்ச்சியையும் அந்தக் கீலும் கொக்கியும்தான் தாங்குகின்றன. தேய்மானம் அங்கேதான் தெரியும். மூடி வைத்து ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. குழலுக்கும் உருளைக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் 0.2 மி.மீ. வரை நுழைந்தது. பழைய சாமானுக்கு அது பரவாயில்லை. சுத்தியலை மெதுவாக இழுத்து ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேராக வந்து பூட்டுகிறதா என்று ஆறு தடவை பார்த்தேன். ஐந்து சரி. ஒன்று மட்டும் சற்றுத் தாமதமாகப் பூட்டியது. அறையின் பின் வாயில் வெர்னியர் 8.6 மி.மீ. காட்டியது. அது .32தான். .38 ஆக இருந்தால் 9.8க்கு அருகில் இருந்திருக்கும். குழலிலும் அறைகளிலும் பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரைகள் தெளிவாக இருந்தன. அந்தச் சாலை 1813 முதல் இங்கிலாந்துச் சட்டப்படி துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரை வைக்கிறது.

சாமான் நல்ல சாமான். அன்பரின் முகம் மலர்ந்துவிட்டது. ரூபாய்க் கட்டு ஏற்கெனவே சட்டைப் பையில் இருந்தது.

"லைசென்ஸ் புத்தகத்தைக் காட்டுங்கள்" என்றேன். மகன் கொஞ்சம் தயங்கிக் கொடுத்தார். எண் ஒத்துப் போயிற்று. ஆனால் உரிமையாளர் இறந்து நான்கு வருஷம். புத்தகம் காலாவதியாகி மூன்று வருஷம். "பேப்பர் எல்லாம் எதற்கு அங்கிள்? உங்கள் நண்பரிடம்தான் லைசென்ஸ் இருக்கிறதே" என்றார் மகன்.

அங்கேதான் விஷயம். 1959ம் வருஷ ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. உரியவர் காலமானால், அதை வைத்திருப்பவர் தாமதமின்றிப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது இரண்டு வருஷம், அதிகம் ஐந்து வருஷம் சிறை. அதாவது நான்கு வருஷமாகக் குற்றத்தில் இருந்தது மகன் இல்லை. புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்த அந்த அம்மாள்தான். வாங்கிக்கொண்டு வந்தால் அன்பரும் சேர்ந்துகொள்வார். அவருடைய லைசென்ஸில் இந்த எண்ணை எப்படி ஏற்றுவார்?

இதைத் தெலுங்கிலும் தமிழிலுமாக அந்த அம்மாளுக்குச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "என்னைப் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்களா?" என்று கேட்டார். எனக்கே சங்கடமாகிவிட்டது. அன்பருக்கோ என் மேல் கோபம். "வரச் சொன்னது இரும்பைப் பார்க்கத்தான்" என்று திரும்பும் வழியெல்லாம் முணுமுணுத்தார்.

மறு வாரம் மகன் சித்தூரில் ஒரு வக்கீலை வைத்து, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழுடன் விளக்கக் கடிதம் எழுதி, துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தார். தானாகவே கொண்டு வந்தார்கள் என்பதால் கடுமை காட்டவில்லை. ஒப்படைத்த பிறகு, குறித்த காலத்துக்குள், லைசென்ஸ் உள்ளவருக்கு அதை விற்கச் சொல்லிப் பணத்தைப் பெற வாரிசுகளுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. பெங்களூர் மகனும் அமெரிக்காவிலிருக்கும் மகளும் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். மகளின் கையெழுத்து வருவதற்கே மூன்று மாதம் ஆயிற்று.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நம்மில் பலருக்கு ஊரில் பூட்டிய வீடு இருக்கிறது. வேலூர் பக்கமோ தஞ்சாவூர் பக்கமோ தாத்தாவின் பெட்டியில் ஒன்று கிடக்கலாம். எந்த வகையிலும் சுட முடியாத, ரிப்பேர் செய்தாலும் பயன்படாத பழம்பொருளுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் அது சுடுமா சுடாதா என்பதை நாமே முடிவு செய்துவிடக் கூடாது. தாத்தா இருக்கும்போதே என்றால் வேலை சுலபம். 2016 விதிகளின்படி எழுபது வயதானவரோ, இருபத்தைந்து வருஷம் வைத்திருந்தவரோ தம் வாரிசுக்கு மாற்றித்தர விண்ணப்பிக்கலாம்.

அன்பர் கடைசியில் அதே வெப்ளியைத்தான் வாங்கினார், பதினோரு மாதம் கழித்து. வக்கீல் செலவு, சரியாகப் பூட்டாத அந்த ஆறாவது அறைக்கான ரிப்பேர் எல்லாம் சேர்த்து அறுபத்தெட்டாயிரம் ஆயிற்று. தோல் உறையை மட்டும் அந்த அம்மாள் கொடுக்கவில்லை. அது இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. அதற்குள் போலீஸ் ஸ்டேஷன் ரசீதை மடித்து வைத்திருக்கிறார்.