நோய் தடுப்பதும் கூட்டுறவே

சங்கத்தில் தவணை தவறிய கடன்களை ஆராயும்போது ஒரு செய்தி திரும்பத் திரும்பப் புலனாகின்றது. தவறியவருட் பலர் செலுத்த மனமின்றி நின்றவரல்லர். வீட்டில் நோய் புகுந்தமையால் நின்றவர். ஐயம்பேட்டை நெசவாளிக்கு வீடே தொழிற்கூடம். அவர் காய்ச்சலில் படுத்தால் பாவு தறியிலேயே கிடக்கும். இழை சுற்றும் மனைவி நோயாளியின் அருகே அமர்ந்தால் அவ்வேலையும் நின்றுவிடும். நடவு நாளில் படுக்கையில் விழுந்த உழவர் ஒரு போகத்தையே இழப்பார்.

ஆகவே, உடல்நலம் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த காரியம், சங்கத்தைச் சேர்ந்ததன்று என ஒதுக்குதல் தகுமா? இதற்கு விடை தரும் வரலாறு ஒன்று நமக்கு அண்மையிலுள்ள வேலூரில் தொடங்குகின்றது.

வேலூரில் இட்ட வித்து

ஐடா ஸ்கடர் 1870-ஆம் ஆண்டு ராணிப்பேட்டையில் பிறந்தவர். இளமையில் அவர் திண்டிவனத்தில் இருந்தபோது, பிரசவ வேதனையுற்ற மூன்று பெண்களுக்காக ஒரே இரவில் மூன்று குடும்பத்தார் அவரை நாடி வந்தனர். அவர் மருத்துவரல்லர், மருத்துவரான தந்தையாரை, ஆண்மகன் என்பதால், அவர்கள் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூவரும் மாண்டனர். அதனை இறைவனின் அழைப்பாகக் கொண்டு அவர் மருத்துவம் பயின்று, 1900-இல் வேலூரில் பணி தொடங்கினார். பின்னர்க் குடியாத்தம் சாலையில் சென்று, வழியோர மரநிழலிலேயே கிராமத்தாருக்கு வைத்தியம் செய்தார். 1918-இல் பெண்களுக்கென அவர் நிறுவிய மருத்துவப் பள்ளியே பின்னர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

அக்கல்லூரியில் பயின்ற ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் என்னும் இருவர் 1960-இல் மணம் புரிந்தபோது, கிராமத்து ஏழைகளுக்கே தம் வாழ்வை அளிப்பதென உறுதி பூண்டனர். முதலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தொண்டாற்றினர். அங்கே குணமாகிச் சென்றவர் அதே நோயுடன் மீண்டும் வருவதைக் கண்டனர். நோயின் வேர் அசுத்த நீரிலும், பசியிலும், சாதி வேற்றுமையிலும், அதாவது ஊரிலேயே இருந்தது என்பதை உணர்ந்தனர்.

ஜாம்கேட்டில் நடந்தது

1970-இல் அவர்கள் மகாராஷ்டிரத்தின் வறண்ட பகுதியாகிய ஜாம்கேட்டை அடைந்தனர். கைவிடப்பட்ட கால்நடை மருந்தகக் கட்டடம் ஒன்றே அவர்களுடைய முதல் வைத்தியசாலை. ஊரார் முதலிற் கேட்டது மருந்தன்று, உணவும் குடிநீருமே. எனவே அவற்றிலிருந்தே பணி தொடங்கியது.

சாதியால் பிரிந்து நின்ற ஆடவரை ஒன்றுகூட்ட மாலையில் கைப்பந்தாட்டம் நடத்தப்பட்டது. ஆட்டத்திற்குப் பின் அமர்ந்து பேசியவர்களே உழவர் மன்றங்களாக அமைந்தனர். மன்றத்தார் நிலமளித்து, அதில் விளைந்ததைச் சமைத்துக் குழந்தைகளுக்கு ஊட்டினர். குழாய்க் கிணறுகள் பல தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பில் அமையுமாறு பார்த்துக்கொள்ளப்பட்டது. தண்ணீர் வேண்டின் யாவரும் அங்கே செல்லவேண்டியதாயிற்று!

அடுத்தபடி ஊருக்கு ஒரு பெண்மணியை ஊராரே தெரிந்தெடுத்தனர். பலர் எழுத்தறியாதவர்; தாழ்த்தப்பட்ட குடியினரும் இருந்தனர். வாரந்தோறும் ஜாம்கேட்டுக்கு வந்து அவர்கள் பயிற்சி பெற்றனர். தூய பிரசவம் பார்த்தல், குழந்தையை நிறுத்து வளர்ச்சியறிதல், வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் புகட்டுதல், தொழுநோயை முளையிலேயே கண்டறிதல் ஆகியன அவர்கள் கற்றவை. கற்றதை அவர்கள் வீடுதோறும் சென்று பிறருக்குக் கற்பித்தனர்.

பயன் யாது? 1971-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1990-களின் இறுதியில் அத்தொகை முப்பதுக்கும் கீழே இறங்கியது. உலகச் சுகாதார ஸ்தாபனம் 1975-இல் வெளியிட்ட நூலொன்றில் இம்முறை இடம்பெற்றது. 1979-இல் ஆரோலே தம்பதியருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது.

நாம் கொள்ளத்தக்கது

ஆரோலே தம்பதியரைச் செலுத்தியது அவர்களுடைய சமய நம்பிக்கை. பணியை நிலைக்கச் செய்ததோ ஊராரின் ஒற்றுமை. நம்பிக்கையுடைய ஒருவர் விளக்கை ஏற்றலாம். அது அணையாதிருக்க எண்ணெய் வார்ப்பவர் பலராதல் வேண்டும். பலர் கூடி ஒன்றைத் தாங்குவதற்கே கூட்டுறவென்று பெயர். ஜாம்கேட்டார் மன்றத்தைப் புதிதாய் அமைக்க வேண்டியிருந்தது. நமக்கோ சங்கம் உண்டு. கணக்கு எழுதும் பழக்கமும், கூடிப் பேசும் மகாசபையும் உண்டு.

இவற்றைக் கொண்டு செய்யத்தக்கவை சில:

1. தெருவுக்கு ஒரு பெண்மணியை அத்தெருவினரே தெரிந்தெடுத்து, கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பயிற்சி பெறச் செய்யலாம்.

2. பிறப்பு, இறப்பு, தடுப்பூசி, நாட்பட்ட இருமல் ஆகியவற்றைத் தெருவாரியாக ஒரு குறிப்பேட்டில் பதியலாம். எண்ணிப் பாராத நோய் கண்ணிற் படாது.

3. குடிநீர், சாக்கடை, மழைக்காலத்தில் தறிக்குழியில் ஊறும் ஈரம் ஆகியவற்றை மகாசபையின் நிகழ்ச்சி நிரலிலேயே சேர்க்கலாம்.

4. பொது நல நிதிக்கு ஒதுக்கும் தொகையில் எவ்வளவு இதற்கு ஆகலாமென்று துணைவிதிகளைப் பார்த்து நிர்வாக சபை ஆராயலாம்.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. அடுத்த வீட்டுக் குழந்தையின் காய்ச்சலை நம் வீட்டுக் காரியமாகக் கருதும் மனம் வேண்டும். நூலுக்கும் விதைக்கும் ஒன்றுகூடிய நாம் உயிருக்கும் ஒன்றுகூடுவோமாக. அடுத்த மகாசபையில் அங்கத்தினர் ஒருவரேனும் எழுந்து இப்பொருளைக் கிளப்புதல் வேண்டும்.