மேற்கோள் எங்கே முடிகிறது?

போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் நண்பர்களோடு வாட்ஸ்அப்பில் மழை, போடிமெட்டு ரோடு, கல்யாணச் சாப்பாடு என்று எதையாவது பேசிக்கொண்டிருப்போம். போன மாதம் அப்படிப் பேச்சு நடுவே ஒருவர் முந்தின வார ஏல விலையை மேற்கோளாக ஒட்டினார். மொத்தம் நாலு வரி. முதல் வரி மட்டும்தான் மேற்கோளாகத் தெரிந்தது. மற்ற மூன்றும் அவரே அன்றைக்குச் சொன்ன மாதிரி வந்துவிட்டது. மலையில் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் அதை இன்றைய விலை என்று நம்பி மூட்டையைக் கட்டிவிட்டார். வண்டி ஏற்றுவதற்குள் போன் போட்டுத் தடுத்தோம்.

கோளாறு சின்னதுதான். 2024-ல் வாட்ஸ்அப் கொண்டுவந்த வசதி இது. வரியின் தொடக்கத்தில் > போட்டு ஒரு இடைவெளி விட வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் வெறும் குறிதான் தெரியும். வரி முடிந்தால் மேற்கோளும் முடிந்தது. அடுத்த வரிக்குத் தனியாக இன்னொரு > வேண்டும். என்னைப் போன்ற மென்பொருள் ஆட்களே இதில் சறுக்குவோம். காரணம், 2004-ல் வந்த மார்க்டவுன். அதில் பத்தியின் முதல் வரிக்குப் போட்டால் போதும், மற்ற வரிகள் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

ஓலைச்சுவடியில் மேற்கோள் குறியே கிடையாது. 'என்று', 'என' வந்தால் அடுத்தவர் பேச்சு அங்கே முடிந்தது என்று அர்த்தம். நம் பேச்சில் அதுதான் '-னு'. என்ன, தொடக்கத்தை நாம்தான் ஊகிக்க வேண்டும்.

நண்பர் இப்போது > போடுவதில்லை. நாலு வரியையும் ஒட்டிவிட்டு, கடைசியில் "னு போன வாரம் வந்துச்சு" என்று எழுதிவிடுகிறார்.