உங்களுக்குத் தெரியுமா? பூவை ஆட்டிவைக்கும் ஏ, பி, சி!

புல்லி, அல்லி, மகரந்தத் தாள், சூலகம். பூவில் இந்த நாலும் எங்கெங்கே வர வேண்டும் என்று முடிவு செய்பவை எத்தனை வகை மரபணுக்கள்? மூன்றே மூன்று! பெயர்கூட ஏ, பி, சி தான். 1991-ல் என்ரிகோ கோயனும் எலியட் மெயரோவிட்ஸும் போட்டுக் காட்டிய கணக்கு இது!

ஏ தனியாக இருந்தால் புல்லி. ஏ-யும் பி-யும் சேர்ந்தால் அல்லி. பி-யும் சி-யும் சேர்ந்தால் மகரந்தத் தாள். சி மட்டும் என்றால் சூலகம். அவ்வளவுதான்!

மூன்றையும் முடக்கிவிட்டால்? பூ வர வேண்டிய இடத்தில் வெறும் இலைக் கொத்து! பூவின் உறுப்புகள் எல்லாமே உருமாறிய இலைகள்தான் என்று 1790-லேயே எழுதிவிட்டார் ஒருவர். விஞ்ஞானி என்றா நினைத்தீர்கள்? ஜெர்மன் மகாகவி கதே!

சி மட்டும் கெட்டால் கூத்துதான். மகரந்தத் தாள் இடத்தில் இதழ், சூலகம் இடத்தில் இன்னொரு பூ, அதற்குள் இன்னொன்று! ரோஜாவில் சி-யின் எல்லை நடுவில் சுருங்கிப்போனதால்தான் இதழுக்கு மேல் இதழ். அடுக்குச் செம்பருத்தி கிடைத்தால் பிரித்துப் பாருங்கள். உள்ளே சில இதழ்களின் ஓரத்தில் மகரந்தப் பை ஒட்டிக்கொண்டிருக்கும். பாதி இதழ், பாதி தாள்!

கல்வாழைப் பூவில் பளிச்சென்று தெரிவது இதழே இல்லை. இதழ் வேஷம் போட்ட மகரந்தத் தாள்கள்!

1744-ல் தாவரவியலாளர் லின்னேயஸைத் திகைக்க வைத்த விசித்திரப் பூ ஒன்று உண்டு. ஒருபக்கமாகச் சாய்ந்த வடிவம் போய், சுற்றிலும் ஒரே அச்சாக இருந்தது. காரணம் தெரிந்தது 1999-ல். டி.என்.ஏ. எழுத்து மாறவில்லை. மீத்தைல் என்ற வேதிக்குழு ஒட்டிக்கொண்டு ஒரு மரபணுவின் வாயை அடைத்திருந்தது!

இலைக்கும் இதே கதைதான். ஆய்வுக்கூடங்களின் செல்லப் பிள்ளையான அராபிடாப்சிஸ் செடிக்கு வெட்டில்லாத எளிய இலை. அதன் முன்னோர் ஆர்.சி.ஓ. என்ற மரபணுவைத் தொலைத்துவிட்டார்கள். 2014-ல் அதைத் திரும்பப் புகுத்தினார்கள். இலை ஓரத்தில் மடல் மடலாக வெட்டு விழுந்தது!

காலிஃப்ளவர்? பூவாக முயன்று முயன்று தோற்றுப்போன மொட்டுக் குருத்துகளின் கூட்டம்! கோஸ், நூல்கோல், புரோக்கோலி எல்லாம் அதனுடன் ஒரே இனம்!

பட்டாணியில் ஒரு மரபணு பழுதானால் பூவும் கோணும், கூட்டிலையும் சுருங்கும். அதன் அராபிடாப்சிஸ் உறவான ‘லீஃபி’யை 1995-ல் ஆஸ்பென் மரத்தில் புகுத்தினார்கள். பூக்க 8 முதல் 20 வருஷம் எடுத்துக்கொள்ளும் மரம் அது. பூத்தது எப்போது தெரியுமா? சில மாதங்களில்!