தூசியைத் தடுக்கும் பூச்செடிகள்

கோலார் தங்கவயலில் சாம்பல் நிற மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை இயற்கையான மலைகள் அல்ல. சுரங்கத்திலிருந்து வந்த மண்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கு வந்தது. பாறையை வெட்டி, மாவு போல அரைத்தார்கள். சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்தார்கள். மீந்த மாவைக் குவித்தார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. மேடுகள் மட்டும் நின்றுவிட்டன. மொத்தம் 13 மேடுகள். சுமார் 3 கோடியே 30 இலட்சம் டன் மண்.

காற்று அடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வருகிறது. சோற்றிலும் விழுகிறது. அதில் சிலிகா என்னும் நுண்தூள் உண்டு. அது நுரையீரலுக்குக் கெடுதல். மேடுகளில் மீதமுள்ள தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-இல் ஒப்புதல் தந்தது. மேட்டைக் கிளறினால் தூசி கூடலாம்.

நாம் என்ன செய்யலாம்? மேட்டின்மேல் நாமாக ஏறி விதைக்கக் கூடாது. அது அரசின் பொறுப்பு. ஆனால் வீட்டைச் சுற்றியும், பள்ளி வேலியிலும் செடி வளர்க்கலாம். செடி தூசியைப் பிடிக்கும். வேர் மண்ணைப் பிடிக்கும்.

எந்த விதை நல்லது?

கடையில் விற்கும் வெளிநாட்டுப் பூ விதை வேண்டாம். அதற்குத் தினமும் தண்ணீர் வேண்டும். நமக்குக் குடிக்கவே தண்ணீர் போதவில்லை. அழகுக்காகக் கொண்டு வந்த உண்ணிச்செடி இன்று காடெல்லாம் பரவிவிட்டது. பார்த்தீனியத்தையும் வளர விடாதீர்கள்.

நம் கரட்டில் தானாக வளரும் செடிகளே நமக்கு ஏற்றவை. ஒரே விதையை மட்டும் விதைக்காதீர்கள். பல விதைகளைக் கலந்து விதையுங்கள். ஏன்?

தும்பை சீக்கிரம் முளைக்கும். வெறும் தரையை மூடும். தேனீக்கள் வரும். ஆனால் ஒரு பருவத்தில் காய்ந்துவிடும்.

கொழுஞ்சி மண்ணுக்கு உரம் தரும். அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் சேர்த்து வைக்கும்.

ஆவாரை மெதுவாக வளரும். பல ஆண்டு நிற்கும். மஞ்சள் பூ பூக்கும். ஆடு மாடு அதை அவ்வளவாகத் தொடாது.

விராலி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். நல்ல வேலியாகும். காற்றைத் தடுக்கும்.

ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கும். அதுதான் கலப்பின் பயன்.

விதை எடுப்பதும் விதைப்பதும்

காய் நன்றாகக் காய்ந்த பிறகு பறியுங்கள். பாதியைச் செடியிலேயே விட்டுவிடுங்கள். விதையை நிழலில் உலர்த்தி, துணிப்பையில் வையுங்கள்.

முதலில் சோதித்துப் பாருங்கள். 10 விதைகளை ஈரத்துணியில் மடித்து வையுங்கள். 10 நாளில் 7 முளைத்தால் நல்ல விதை. 3 மட்டும் முளைத்தால் இரண்டு மடங்கு விதை போடுங்கள்.

ஆவாரை, கொழுஞ்சி, விராலி விதைகளின் தோல் கெட்டியானது. மணலோடு சேர்த்துத் தேயுங்கள். பிறகு இரவு முழுவதும் வெந்நீரில் ஊற வையுங்கள். கொதிக்கிற நீர் வேண்டாம். சோதிக்கும் விதைக்கும் இப்படியே செய்யுங்கள். தும்பை விதைக்கு இது தேவையில்லை.

மழை தொடங்கியதும் தரையை இலேசாகக் கொத்துங்கள். ஒரு பங்கு விதைக்கு நான்கு பங்கு மணல் கலந்து தூவுங்கள். அப்போதுதான் சீராக விழும். மேலே மெல்லிய மண் போதும். ஆழமாகப் புதைத்தால் முளைக்காது.

கவனம்

ஆவாரம்பூவைத் தேநீரில் போடுவது நம் வழக்கம். ஆனால் மேட்டுத் தூசி படிந்த செடியின் இலையையும் பூவையும் உண்ணாதீர்கள். அந்தச் செடிகள் நம்மைக் காக்கட்டும். உணவுக்கு வேறு இடத்துச் செடியைத் தேடுவோம்.

யோசித்துப் பாருங்கள்

1. உங்கள் தெருவுக்குத் தூசி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?
2. அந்தப் பக்கம் விதைக்க இடம் இருக்கிறதா?
3. உங்கள் ஊரில் தானாகப் பூக்கும் செடிகள் எவை? ஐந்தின் பெயரை எழுதுங்கள்.