லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன்

டச்பேட் ஒரு ஓரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அழுத்தினால் கிளிக் ஆகவில்லை, மூடினால் விளிம்பு சேரவில்லை. இப்படி வரும் லேப்டாப்பில் பெரும்பாலும் டச்பேடுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அடியிலுள்ள லித்தியம் பேட்டரி உப்பி, அதை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். சார்ஜ்தான் நிற்கிறதே என்று ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை அணைத்து, உடனே பேட்டரியை மாற்றக் கொடுங்கள். உப்பியதை அமுக்குவதும், குத்திக் காற்றை இறக்கப் பார்ப்பதும் தீப்பிடிப்பதில் முடியலாம். கழற்றியதைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் சேருங்கள்.

சில மாடல்களில் அடிமூடியின் திருகுகளைக் கழற்றினால் பேட்டரி கைக்கு வந்துவிடும். சிலவற்றில் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். கீபோர்டை மேல்தட்டோடு ரிவெட் அடித்த மாடலில் நான்கு எழுத்து வேலை செய்யாவிட்டாலும் தட்டையே மாற்றச் சொல்வார்கள். சார்ஜிங் பின் செருகும் இடம் சிறிய தனி போர்டில் இருந்தால் செலவு கொஞ்சம். மதர்போர்டிலேயே சோல்டர் செய்திருந்தால் அதிகம். பயனர் அனுபவம் என்று வடிவமைப்பாளர்கள் பெருமையாகப் பேசுகிறார்கள். மூன்றாவது வருடம் ரிப்பேருக்கு அலைவதும் பயனரின் அனுபவம்தானே? பிரான்ஸில் 2021 முதல் லேப்டாப்பை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று 10-க்கு மதிப்பெண் போட்டு, விலையோடு காட்ட வேண்டும். நம் ஊர்க் கடையில் நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்: ராம் மாற்ற முடியுமா, பேட்டரி தனியாகக் கிடைக்குமா? டெல், ஹெச்பி, லெனோவா நிறுவனங்கள் பல மாடல்களுக்குக் கழற்றி மாட்டும் கையேட்டை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. வாங்கும் முன் பத்து நிமிடம் புரட்டினால் போதும்.

கடையில் கொடுப்பதற்கு முன் கோப்புகளை நகல் எடுத்துவிடுங்கள். விண்டோஸில் கோப்புகளைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கினால், மதர்போர்டு மாற்றியதும் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் உள்ளே இருப்பது உங்களுக்கே திறக்காது. அந்தக் கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முன்பே குறித்து வையுங்கள். கீல் மாற்ற பாஸ்வேர்டு எதற்கு? கேட்டால் காரணம் கேளுங்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தனிக் கணக்கு ஒன்று உருவாக்கிக் கொடுங்கள்.

சீரியல் எண், என்ன கோளாறு, உத்தேசச் செலவு மூன்றும் எழுதிய ஜாப் ஷீட் இல்லாமல் லேப்டாப்பை விட்டுவிட்டு வராதீர்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். செய்த வேலைக்கு பில் தராமல் இருப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. சேவையில் குறை இருந்தால் முதலில் 1915 உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலுள்ள நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.